சாம்ராஜ்யம் பிடிக்கும் முன் சட்டம் போடுவோம்!



தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சில விதிகள் மனப்பாடம். பந்து எதிர்வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டினால் சிக்ஸர் கிடையாது, அவுட். ஒரு பிட்ச் பட்டு வந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். முதல் பந்து ட்ரையல். அடித்தவனே போய்ப் பந்தை எடுத்து வரவேண்டும். இதெல்லாம் லண்டன் லார்ட்ஸில் இருக்கும் எம்.சி.சி. எழுதி வைத்ததா? இல்லவே இல்லை. தெரு குறுகல், பந்து ஒன்றே ஒன்று, எதிர்வீட்டுப் பெரியவர் கோபக்காரர். இந்த மூன்றையும் சமாளிக்க, ஆடுகிறவர்களே கூடிப் போட்டுக்கொண்ட விதிகள் இவை. தாயக்கட்டத்திலும் இப்படித்தான். ஒரு காயாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்பது ஓர் ஊர் வழக்கம். வெட்டாமலே பழம் எடுக்கலாம் என்பது இன்னோர் ஊர் வழக்கம். ஆங்கிலத்தில் இவற்றை ஹவுஸ் ரூல்ஸ் என்பார்கள். நாம் 'உள் விதி' என்று வைத்துக்கொள்வோம்.

தெரு கிரிக்கெட் இருட்டினால் முடிந்துவிடும். இன்று ஹாஸ்டல்களில் லேப்டாப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டு எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து ஆடும் சரித்திர வியூக ஆட்டம் அப்படியல்ல. அது வாரக்கணக்கில் ஓடும். இந்த ஞாயிறு ஒருவன் இழந்த கோட்டை, அடுத்த ஞாயிறும் இழந்த கோட்டைதான். கோபமும் அப்படியே நிற்கும். "கேம்தானே மச்சி, இதுக்குப் போயி எதுக்கு ரூல்ஸு?" என்று ஆரம்பித்தவர்கள், இரண்டாம் மாதம் ஒரே மெஸ்ஸில் தனித்தனி மேஜையில் சாப்பிடுவது புதிய கதையல்ல. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்த ஆட்டம்?

இவ்வகை ஆட்டங்களில் பலருக்கும் தெரிந்த ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4'. (2025-ல் ஐந்தாம் பதிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் நாம் சொல்லப்போகும் விஷயம் இரண்டுக்கும் பொருந்தும்.)

நான்காம் பதிப்பின் ஆட்டம் 1444-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி தொடங்குகிறது. ஏன் அந்தத் தேதி? முதல் நாள்தான், அதாவது நவம்பர் 10-ல், இன்றைய பல்கேரியாவின் கடற்கரையில் உள்ள வர்ணாவில், துருக்கிய ஆட்டோமன் சுல்தான் இரண்டாம் முராத்தின் படை ஐரோப்பியக் கூட்டுப் படையை முறியடித்தது. போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அரசனாயிருந்த இளைஞன் விளாடிஸ்லாவ் அங்கேயே மாண்டான். கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் ஒன்பது ஆண்டுகள்தான். பிரான்சும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் நிற்கின்றன. நம் பக்கம் வந்தால் விஜயநகரம், பாமினி, ஒரிசா எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. இவற்றில் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு 1821 வரை நடத்திச் செல்ல வேண்டும். மொத்தம் 377 ஆண்டுகள். ஒரு ஞாயிறு நாலு மணி நேரம் உட்கார்ந்து 40 ஆண்டு நகர்ந்தால்கூட, முடிக்கப் பத்து ஞாயிறு வேண்டும். ஒரு செமஸ்டரே போய்விடும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆட்டத்தில் நாடுகள் சமமானவை அல்ல. சதுரங்கத்தில் இருவருக்கும் பதினாறு காய். இங்கே ஆட்டோமனுக்கு ஒரு பேரரசு. பைசாந்தியத்துக்கு ஒரு தலைநகரமும் கொஞ்சம் நிலமும். சரித்திரம் அப்படித்தான் இருந்தது, ஆட்டமும் அப்படியே தருகிறது. மேலும், 'இவன் ஜெயித்தான், ஆட்டம் முடிந்தது' என்று கம்ப்யூட்டர் வந்து நிறுத்துவதும் இல்லை. மதிப்பெண் பட்டியல் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். எது வெற்றி, எப்போது முடிவு, எது நியாயம் என்பதை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். உள் விதிக்கு வேலை அங்கேதான் வருகிறது.

பழையவர்கள் கற்ற பாடம்

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த தலைவலி என்று நினைக்காதீர்கள். 1824-ல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் மரக்கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கான விதிநூலை வெளியிட்டார். அவருடைய தந்தை தொடங்கி வைத்ததை மகன் முழுமையாக்கினார். 'கிரீக்ஸ்பீல்' என்று பெயர். அதில் முக்கியமான ஆள் யார் தெரியுமா? ஆடாமல் நடுவில் இருக்கும் நடுவர். இரு தரப்பும் தங்கள் கட்டளையை அவரிடம் கொடுப்பார்கள். அவர்தான் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, முடிவு சொல்வார். நாளாக நாளாக விதிகள் பெருகின, ஆட்டம் ஊர்ந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை வைத்தே ஆடலாம் என்று எழுதினார்.

அடுத்தது 'டிப்ளமசி'. அமெரிக்கர் ஆலன் கால்ஹமர் 1959-ல் தாமே 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்ட பலகை ஆட்டம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள். கூட்டு சேரலாம், வாக்குக் கொடுக்கலாம், கொடுத்த வாக்கை மீறலாம். மீறுவது ஆட்டத்தின் ஓர் அங்கமே. 1963 முதல் இதைத் தபாலிலும் ஆடினார்கள். கடிதம் வர நாளாகும்; சிலர் மறப்பார்கள்; சிலர் தோற்கிறோம் என்று தெரிந்ததும் எழுதுவதையே நிறுத்துவார்கள். அதனால் தபால் ஆட்டம் நடத்தியவர்கள், கெடு தேதி எது, கடிதம் வராவிட்டால் என்ன, விட்டுப்போனவன் நாட்டை யாருக்குக் கொடுப்பது என்று தங்கள் உள் விதிகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தார்கள். கவனியுங்கள்: துரோகத்தைத் தடுக்க அவர்கள் விதி போடவில்லை. ஆள் காணாமல் போவதற்குத்தான் விதி போட்டார்கள்!

இந்த இரண்டு கதையிலிருந்தும் நமக்கு இரண்டு பாடம். விதிகள் கொஞ்சமாக இருக்கட்டும். தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். ஆட்டத்துக்குள் இருக்கும் தந்திரத்தைக் கட்டிப்போட விதி வேண்டாம். ஆட்டம் நடக்கும் மேஜையைக் காப்பாற்ற விதி வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் விதி, பிறகு நாடு

பெரும்பாலோர் முதல் நாளே "நான் பிரான்ஸ்", "நான் ஆட்டோமன்" என்று பிடித்துக்கொள்கிறார்கள். விதிப் பேச்சு பிறகு வருகிறது. அப்போது என்ன ஆகும்? ஆட்டோமன் பிடித்தவன் "சின்ன நாட்டுக்கெல்லாம் சலுகை எதுக்கு?" என்பான். பைசாந்தியம் பிடித்தவன் "முதல் முப்பது வருஷம் யாரும் யாரையும் தொடக்கூடாது" என்பான். இருவர் பேசுவதும் நியாயம் போலத்தான் தெரியும்; ஆனால் இரண்டும் வக்கீல் பேச்சு. எந்த நாடு தன் கைக்கு வரும் என்று தெரியாத நேரத்தில் போடும் விதிதான் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்.

விதி: விதித்தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டில் வந்த வரிசைப்படி நாடு தேர்ந்தெடுக்கலாம். புதிதாக ஆடுபவருக்கு முதல் வாய்ப்பு.

2. எப்போது முடிவு?

முடிவு தேதி இல்லாத ஆட்டம் தானாக முடியும், ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். ஐந்தாவது வாரம் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். 377 ஆண்டும் முடித்தே தீரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யூனிட் டெஸ்ட், பிராக்டிகல், போர்டு எக்ஸாம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிட்டு, மீதி எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆறுதான் என்றால் 1650-ல் முடிப்போம் என்று முடிவு செய்யுங்கள்.

விதி: கடைசி ஞாயிறும் கடைசி ஆண்டும் முதலிலேயே எழுதப்படும். பரீட்சை வாரத்தில் ஆட்டம் இல்லை. யாருக்கும் விலக்கு இல்லை. வெற்றி என்பது மதிப்பெண்ணா, ஒவ்வொருவரும் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்த இலட்சியமா என்பதும் அன்றே எழுதப்படும். (போர்த்துகல் எடுத்தவன் "இந்தியாவுக்குக் கடல்வழி பிடிப்பேன்" என்று எழுதிக் கொடுத்தால், உலகத்தையே பிடித்த ஆட்டோமனுக்குச் சமமாக அவனும் ஜெயிக்கலாம். சின்ன நாட்டுக்காரர்களுக்கு இது உயிர் கொடுக்கும்.)

3. ஆள் வராவிட்டால்?

ஊரில் திருவிழா, வீட்டில் விசேஷம், அரியர் பேப்பர், காய்ச்சல். ஏதாவது ஒன்று வந்தே தீரும். வராதவன் நாட்டைக் கம்ப்யூட்டர் தானாக நடத்தும். ஆனால் அது நம் தோழன் மூன்று வாரமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கூட்டணியை ஒரு நொடியில் முறித்துவிடும். தேவையில்லாத போரில் இறங்கி ஆட்களைத் தொலைக்கும். திரும்பி வந்தவன் தன் நாட்டைப் பார்த்து, "இது யாருடைய நாடு?" என்று கேட்கும்படி ஆகிவிடும்.

விதி: முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராதவருக்கு ஒரு மாற்று ஆள் உட்காரலாம், அவர் காவல் காக்கலாம், புதுப் போர் தொடுக்கக்கூடாது. அன்று மற்றவர்களும் அந்த நாட்டின் மேல் புதுப் போர் தொடுக்கக்கூடாது. சொல்லாமல் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலகிப் போகிறவர் போகும்போது கஜானாவையும் மாகாணங்களையும் நண்பனுக்குத் தூக்கிக் கொடுக்கக்கூடாது.

4. வேகம், நிறுத்தம், சேமிப்பு

ஆட்டத்தில் ஐந்து வேகம் உண்டு. அமைதிக் காலத்தில் நாலு சரி. ஆனால் இரண்டு பேர் போரிடும்போது அதே வேகத்தில் ஓட்டினால், கை வேகமானவன் ஜெயிப்பான், யோசிப்பவன் தோற்பான். போருக்கு இரண்டோ மூன்றோ போதும்.

அடுத்தது மிகப் பெரிய சண்டைக்கு இடம். நெட்வொர்க்கில் ஆடும்போது முழு உலகத்தையும் ஒரு கம்ப்யூட்டர் மற்றதற்கு அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. நாம் கொடுக்கும் கட்டளைகள்தான் போய் வருகின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் உலகத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. எங்காவது ஒரு கணக்கு பிசகினால், ஒருவன் திரையில் நிற்கும் படை இன்னொருவன் திரையில் செத்திருக்கும். அப்போது சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. இதே காரணத்தால்தான் எல்லோரிடமும் ஒரே பதிப்பு, ஒரே மாட் இருக்கவேண்டும். கூடுதல் தொகுப்புகளைப் பொறுத்தவரை, ஆட்டத்தை நடத்துபவரிடம் இருந்தால் போதும். எல்லோருக்கும் வேலை செய்யும். ஆகவே "நீயும் வாங்கணும்" என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது? தோற்கிற நேரம் பார்த்து ஒருவன் "எனக்கு லைன் கட் ஆயிடுச்சு, பழைய சேவ் போடுங்க" என்பான். உண்மையாகவே கட் ஆகியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவன் நம்புவானா?

விதி: கரெண்ட், நெட்வொர்க், கம்ப்யூட்டர் கோளாறுக்கு மட்டுமே பழைய சேமிப்புக்குப் போகலாம், போரின் முடிவுக்காகப் போகக்கூடாது. எப்போதும் கடைசியாகச் சேமித்த இடம்தான், வசதியான இடம் அல்ல. இடையில் முடிந்துபோன போரின் முடிவை இரு தரப்பும் ஏற்றால் அப்படியே திரும்ப நிறுவலாம். ஒவ்வொரு ஞாயிறும் சேமிப்பின் நகல் இரண்டு பென் டிரைவில், இரண்டு பேரிடம் இருக்கும்.

5. துரோகம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம்! கூட்டணியை முறிப்பது, ரகசிய ஒப்பந்தம், முதுகில் குத்துவது எல்லாம் ராஜதந்திர ஆட்டத்தின் ருசி. அதை விலக்கினால் மிஞ்சுவது கணக்குப் பாடம்தான். ஆனால் ஆயுதம் ஆட்டத்துக்குள் இருந்து வரவேண்டும். "என்னோட கூட்டணிக்கு வரலேன்னா ரெக்கார்டு நோட்டு தரமாட்டேன்", "போன மாசம் கொடுத்த இருநூறு ரூபாய இப்பவே எடு" என்பதெல்லாம் ராஜதந்திரம் அல்ல, ரவுடித்தனம். அடுத்தவன் திரையை எட்டிப் பார்த்து வந்து சொல்வதும் அப்படியே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது சரித்திர ஆட்டம். மதமாற்றம், படையெடுப்பு, காலனி எல்லாம் அதில் பட்டனாக இருக்கின்றன. திரையில் நடப்பது பதினைந்தாம் நூற்றாண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவன் நம் ரூம்மேட். ஒருவன் மதத்தையோ ஊரையோ சாதியையோ சொல்லி, "உங்க ஆளுங்கள அடிச்சு விரட்டினேன் பாத்தியா" என்று கிண்டல் ஆரம்பித்தால், அது எங்கே போய் முடியும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

விதி: ஆட்டத்துக்குள் எந்த வாக்கையும் மீறலாம். ஆட்டத்துக்கு வெளியே உள்ள எதையும் பேரம் பேசக்கூடாது. ஆளைக் குறித்து மதம், சாதி, ஊர் சொல்லிக் கிண்டல் செய்தால் அன்றைய ஆட்டம் அவருக்கு அதோடு முடிந்தது.

6. தோற்றவனுக்கு ஒரு நாற்காலி

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பத்து வார ஆட்டத்தில் மூன்றாம் வாரமே ஒருவன் நாட்டை முழுதாக விழுங்கிவிட்டால், அவன் மீதி ஏழு ஞாயிறு என்ன செய்வான்? அவன் போவான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போவான். ஜெயித்தவனுக்கும் அப்புறம் ஆட ஆள் இல்லை.

சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1814-ல் நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பிய வல்லரசுகள் வியன்னாவில் கூடின. தோற்ற பிரான்சின் சார்பில் தாலிராங் அங்கே வந்து உட்கார்ந்து வாதாடினார். 1815-ல் வாட்டர்லூவிலும் தோற்ற பிறகு பிரான்சுக்கு 70 கோடி பிராங்க் அபராதம் போட்டார்கள்; எல்லையைச் சுருக்கினார்கள்; அந்நியப் படையை நிறுத்தினார்கள். ஆனால் நாட்டைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. 1818-ல் படை திரும்பிப் போனது. பிரான்சும் வல்லரசுகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கருணையினால் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பிரான்ஸ் இல்லாத ஐரோப்பா நிலைக்காது என்ற கணக்குதான்.

நம் ஆட்டத்திலும் சமாதானத்துக்குக் கணக்கு உண்டு. போர்ப் புள்ளி அதிகபட்சம் நூறு. எவ்வளவு பறிக்கிறோமோ அதற்கேற்ப ஐந்து முதல் பதினைந்து ஆண்டு போர் நிறுத்தம். கம்ப்யூட்டர் நாட்டிடம் நூறும் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனிடம் வேண்டாம்.

நாலு பேர் கூடி ஒருவனை அடிப்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில குழுக்கள் "பெரிய நாடுகள் இரண்டும் தமக்குள் கூட்டு சேரக்கூடாது" என்று விதி போடுகின்றன. உடனே ஒருவர் எழுந்து, "1536-ல பிரான்சும் ஆட்டோமனும் கூட்டு சேர்ந்துதே, சரித்திரத்திலேயே இருக்கே!" என்பார். உண்மைதான். 1543-ல் இருவரும் சேர்ந்து நீஸ் நகரை முற்றுகையும் இட்டார்கள். ஆனால் சரித்திரத்தில் ஆஸ்திரியாவை நடத்தியவருக்கு மறுநாள் ஒர்க்ஷாப் கிடையாது. "போரடிக்குது, நான் போறேன்" என்று எழுந்து போகவும் முடியாது. சரித்திரமா, சமநிலையா என்று வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதைக் குழுவே முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எது சரி என்பதைவிட, எதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள் என்பதுதான் பெரிது.

விதி: முதல் ஞாயிறு மனிதருக்குள் போர் இல்லை. ஒரு மனிதனுக்கு எதிராக ஒரே நேரத்தில் இரண்டு மனிதருக்கு மேல் போகக்கூடாது. ஒரு போரில் ஒருவரிடம் கால்பங்கு நிலத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, தலைநகரைத் தொடக்கூடாது. ஆட்டம் முடிய அரை மணி இருக்கையில் புதுப் போர் கிடையாது.

7. தீர்ப்பு யார் சொல்வது?

எத்தனை விதி எழுதினாலும் எழுதாத ஒன்று நடக்கும். ஆட்டத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது. ஒருவன் கண்டுபிடித்துக் கோடிக்கணக்கில் காசு சேர்க்கிறான். தப்பா, திறமையா? அங்கேதான் நடுவர் வேண்டும். ஆடாத சீனியர் ஒருவர் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் ஆடுபவர்களிலேயே ஒருவரைப் போடலாம். ஆனால் தன் நாடு சம்பந்தப்பட்ட வழக்கில் அவர் வாய் திறக்கக்கூடாது.

விதி: புகார் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, இரு தரப்புக்கும் இரண்டிரண்டு நிமிடம். ஐந்தாம் நிமிடம் தீர்ப்பு. அன்றைக்கு அதுவே இறுதி. வாதம் வேண்டுமானால் ஆட்டம் முடிந்து டீக்கடையில் தொடரலாம். புது விதி தேவைப்பட்டால் ஓட்டெடுத்து அடுத்த ஞாயிறு முதல் அமல். நடந்து முடிந்ததற்குப் புது விதியை வைத்துத் தண்டனை கிடையாது.

நிறைவாக

ஏழு விதிகள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். அதற்கு மேல் எழுதாதீர்கள். எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எழுதியதை அறைச் சுவரில் ஒட்டுங்கள். இங்கே சொன்ன எண்கள் வேதவாக்கு அல்ல. கால்பங்கு என்பதை மூன்றில் ஒரு பங்கு ஆக்குங்கள், இரண்டு பேர் என்பதை மூன்று ஆக்குங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் எதை மாற்றினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "இன்னிக்குத் தோத்தவன், அடுத்த ஞாயித்துக்கிழமை சந்தோஷமா வந்து உக்காருவானா?" ஆம் என்றால் அது நல்ல விதி. இல்லை என்றால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

டிப்ளமோ மூன்று ஆண்டில் முடிந்துவிடும். ஒருவர் ஓசூருக்கு, ஒருவர் கோவைக்கு, ஒருவர் துபாய்க்கு என்று பிரிந்து போவோம். அப்போது ஆஸ்திரியாவை யார் பிடித்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. யாரோடு ஆடினோம் என்பது மட்டும் மறக்காது. அவர்களில் ஒருவரையும் ஆட்டத்தினால் இழந்துவிட வேண்டாம்.